ஆறு கால் கோழி போன வழி

அம்மிணி,

நம் லாரிப் பட்டறையில் இருப்பதிலேயே பெரிய சுத்தியலின் மேல் வலது கையை வைத்து, எட்டுத் திசையையும் வாசலில் நிற்கும் டிரெய்லர் ஒன்றையும் சாட்சியாக நிறுத்தி, உறுதி கூறுகிறேன்: இந்தக் கடிதத்தில் வரப்போகும் கதையை நீ நம்ப மாட்டாய். நீ மட்டுமல்ல, ஒருவரும் நம்ப மாட்டார்கள். உன் அம்மா முதல் வரியிலேயே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவாள். நானே சில இடங்களில் என்னை நம்பாமல்தான் எழுதுகிறேன். ஆனாலும் முழுவதும் படி. உறையை ஒட்டாமல் திறந்தே கொடுத்தனுப்புகிறேன். வழியில் யார் கையில் சிக்கினாலும் படிக்கட்டும். முக்கியமாக, பிள்ளையின் கையில் பிரஷ்ஷைக் கொடுத்துவிட்டு அதன் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிற அப்பன்மாரும் அம்மாமாரும் கட்டாயம் படிக்கட்டும்.

இப்போது புதன்கிழமை காலை பதினொரு மணி. பட்டறை வாசலில் நம் டெம்போ நிற்கிறது. அதில் வெள்ளைப் பெயின்ட் இரண்டு பெரிய வாளி, பிரஷ் நான்கு, ஏணி ஒன்று. வண்டிச் சாவி என் சட்டைப் பையில். டிரைவர் வந்து “போலாங்களா மொதலாளி?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டான். தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் மூன்று முறை போன் செய்துவிட்டார். இந்த ஒரு பக்கத்தை எழுதுவதற்குள் நான் ஏழு டீ குடித்து, நாற்பது தடவை எழுந்து உட்கார்ந்து, பட்டறையைச் சுற்றி நடந்த நடையில் தரையே அரை அடி பள்ளமாகிவிட்டது. வெல்டிங் அடிப்பவன் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறான். அந்த வாளிகள் எந்தச் சுவருக்காக ஏற்றப்பட்டவை என்று தெரிந்தால் நீ சேலத்திலிருந்து செருப்பில்லாமல் ஓடி வருவாய். ஆமாம் சாமி. உன் சுவருக்குத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சேலம் ஃபேர்லேண்ட்ஸில் உன் ஓவிய வகுப்புக்கு லீவு விட்டுவிட்டு நம் ஊர்ப் பள்ளிக்கு வந்தாய். நீ படித்த அதே பள்ளி, அதே சுற்றுச்சுவர். முப்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டப்பாவைக் கொடுத்து, “உங்களுக்கு என்ன தோணுதோ அதப் போடுங்க” என்று சொல்லிவிட்டு நீ ஓரமாகப் போய் நின்றுகொண்டாய். நான் வேடிக்கை பார்த்தேன். வரைந்து தராத ஓவிய டீச்சரை வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். சாயங்காலம் கிளம்பும்போது கார்க் கண்ணாடியை இறக்கிச் சொன்னாய்: “அப்பா, பாதிதான் முடிஞ்சிருக்குது. அடுத்த ஞாயித்துக்கெழம வந்து முடிச்சர்றோம். அதுவரைக்கும் ஆடு வந்து உரசாமப் பாத்துக்குங்க.”

பார்த்துக்கொண்டேன். அந்தச் சுவரை நான் காத்த காவலை எந்தக் கோட்டை மதிலும் கண்டிருக்காது. திங்கட்கிழமை மட்டும் நானூறு வெள்ளாடுகள் அணிவகுத்து வந்தன. (உன் அம்மா மூன்று என்பாள், அவள் அன்றைக்கு அங்கே இல்லை.) ஒற்றை வேப்பங்குச்சியால் அத்தனையையும் கொல்லிமலை அடிவாரம் வரை விரட்டிவிட்டு வந்து சுவரடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு மூன்றாம் வகுப்புத் தாரணி வந்தாள். போர்வெல் வண்டியில் வேலை பார்ப்பவரின் மகள். தன் படம் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். போர் வண்டிதான் வரைந்திருக்கிறாள். ஆனால் துளை போடும் கம்பி வானத்தைப் பார்த்து நிற்கிறது.

“ஏஞ்சாமி, கம்பி மேல பாத்து நிக்குதே? பூமிக்குள்ளயல்ல போகோணும்?”

அவள் என்னைப் பார்த்த பார்வை, பட்டறைக்கு வேலை தெரியாமல் வந்தவனை நான் பார்க்கிற பார்வை.

“எங்கப்பா அவ்வளவு ஆழம் போட்டும் தண்ணி வரலீங்க தாத்தா. வெறும் புழுதிதான் வந்துச்சுங்க. மழை மேலதானுங்க இருக்குது? மேல போட்டா சீக்கிரம் வருமில்லீங்க?”

“அப்ப மேகம் எங்க?”

“வெள்ளை தீந்துபோச்சுங்க. அடுத்த வாரம் கொண்டாரேன்னு அக்கா சொல்லியிருக்கறாங்க.”

வெயில் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து மோர் குடித்தேன். வெயில் இல்லை என்று எனக்கே தெரியும். இருபத்துநான்கு வருடங்களுக்கு முன்னால், அதே சுவரடியில், அதே உயரத்தில் நின்றுகொண்டு, அதே தொனியில் இன்னொருத்தி எனக்கு விளக்கம் சொல்லியிருக்கிறாள்.

நேற்று தலைமையாசிரியர் போன் செய்தார். அவரைக் குறை சொல்லாதே. மழை நாளில் பிள்ளைகளின் செருப்பைத் தானே குனிந்து ஓரமாக எடுத்து வைக்கிற மனிதர். “ஏனுங்க, வெள்ளிக்கெழம ஆண்டு விழாவுக்குப் பெரிய ஆபீசர் வாராருங்க. சொவத்தப் பாத்தாலே எனக்குப் பக்குங்குதுங்க. போர் வண்டி தலகீழா நிக்குது, ஆட்டுக்கு ஹெல்மெட்டு மாட்டியிருக்குது, பஸ்ஸுக்குப் பல்லு மொளச்சிருக்குது. பாதில வேற நிக்குதுங்க. அம்மிணி தப்பா நெனைக்கப்படாது. நம்ம பட்டறை ஆள உட்டு வெள்ளையடிச்சு, அழகா ரெண்டு கிளி, ஒரு தாமரை போட்டுக் குடுத்தீங்கன்னா...” நான் சொன்ன பதிலைக் கேள்: “அதுக்கென்னங்க, அடிச்சுப்போடலாமுங்க.” வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. பழக்கம். போனை வைத்த பிறகுதான் ரெண்டு கிளி, ஒரு தாமரை என்பது காதில் விழுந்தது. அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்தக் கடிதம் ஏன் என்று இப்போது புரிகிறதா? புரியாது. இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

அந்த இன்னொருத்தி நீதான். அப்போது நீ இரண்டாம் வகுப்பு. எருமப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் டீச்சர் ஒருவர் உங்களுக்கு. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் படம் வரைவதற்கென்று வைத்திருந்தார். ஒருநாள், வீட்டில் என்ன நிறம் இருக்கிறதோ கொண்டு வாருங்கள், சுவரில் வரையலாம் என்று சொல்லிவிட்டார். ஒரு பிள்ளை மஞ்சள் தூள் கொண்டுவந்தது, ஒன்று அடுப்புக்கரி, ஒன்று செங்கல் துண்டு. நீ பட்டறைக்கு வந்தாய். பள்ளிக்கூடப் பேருந்துக்கு அடித்து மிஞ்சிய மஞ்சளும், லாரியின் அடிச்சட்டத்துக்கு அடித்து மிஞ்சிய ரெட் ஆக்சைடுச் சிவப்பும் டப்பாவில் வழித்துக் கொடுத்தேன். லாரிக்கு என்ன பெயின்ட்டோ அதே பெயின்ட்டில் ஒரு கோழி பிறந்தது. உன்னைவிட ஒரு சாண் உயரமான மஞ்சள் கோழி. வயிற்றுக்குள்ளே முட்டைகள், அட்டை அட்டையாக அடுக்கி வைத்தது போல வரிசையாக. வால் பக்கம், வண்டிகளின் பின்னால் எழுதியிருப்பதைப் பார்த்து நீயே எழுத்துக்கூட்டி எழுதிய ‘ஒலி எழுப்பவும்’. கீழே சிவப்பாக ஆறு கால்கள்.

“கோழிக்கு எதுக்கு அம்மிணி ஆறு காலு?”

“முட்டை லோடு ஏத்துதில்லீங்கப்பா? ரெண்டு கால்ல நின்னா குடை சாஞ்சரும். அதான் லாரி டயராட்ட முன்னாடி ரெண்டு, பின்னாடி டபுள்.”

அதுவரை எத்தனையோ லாரிக்கு பாடி கட்டியிருக்கிறேன். லோடையும் காலையும் ஒரே வரியில் சேர்த்துச் சொன்ன ஒரு மனிதரைப் பார்த்ததில்லை. அதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். நான் சிரித்தேன். தட்டிக் கொடுப்பதுபோல் சிரித்தேன். அது முதல் தப்பு, சின்னத் தப்பு. பெரியதுக்கு வருகிறேன், ஒரு நிமிடம் பொறு, மறுபடி போன் அடிக்கிறது. எடுக்கவில்லை.

அந்த வருடம் நான் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். அந்தப் பதவியின் மகிமையை உனக்கு எப்படி விளக்குவது? நான் தெருவில் வந்தால் மின்கம்பங்கள் வளைந்து வணக்கம் சொல்லும். ஆண்டு விழாவுக்குத் தலைமை நான். எனக்குப் போட வரும் மாலையின் எடையைத் தாங்குவதற்காக ஒரு வாரம் கழுத்துக்குப் பயிற்சி செய்தேன். அப்படிப்பட்ட மாமன்னன், விழாவுக்கு நாலு நாள் முன்னால் பள்ளி வாசலில் நான்கு பேரோடு நின்றுகொண்டிருந்தபோது, ஒருவர் கோழியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தலைவரூட்டுப் புள்ள போட்டதுங்களா? ரெண்டுக்கு மேல எண்ணத் தெரியாதாட்ட இருக்குது!” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் சாமி. பின்னாடி டபுள் என்று எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோழியின் நியாயம் முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் அங்கே நான்தான். நான்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை பள்ளி லீவு. நம் பெயின்டர் செங்கோடனை அனுப்பினேன். அப்போது அவனுக்குக் கல்யாணமாகிப் புதிது. “சொவரு மொத்தமும் வெள்ளை. அதுக்கு மேல ரெண்டு கிளி, ஒரு தாமரை. எனாமல்ல பளபளன்னு இருக்கோணும்.” அவன் போகாமல் நின்றான். “பாப்பா கோழியவுமுங்களா?” என்றான். “அதத்தான் மொதல்ல” என்றேன்.

திங்கட்கிழமை டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கிச் சுவரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பட்டறைக்கே நடந்து வந்தார். சண்டை போடுவார், நானும் தலைவர் குரலில் பதில் சொல்லலாம் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “பாப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க சார்.” சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

சாயங்காலம் நீ வந்தாய். பையைக்கூடக் கழற்றவில்லை. “அப்பா, என்ற கோழியக் காணமுங்க.” நான்தான் அழித்தேன் என்பது எத்தனை சின்ன வாக்கியம்! அதற்குப் பதிலாக நான் பேச ஆரம்பித்தேன், இன்றைக்குத்தான் நிறுத்துகிறேன். “லோடு ஏத்திட்டு நாக்பூர் கெளம்பிருச்சு சாமி. ஆறு காலு இருக்கற கோழி சொவத்துலயே நின்னுட்டிருக்குமா?”

உன் கண் விரிந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது. அழ வேண்டிய பிள்ளை அழவில்லை என்றதும் எனக்கு இறக்கை முளைத்துவிட்டது. உன் கோழி பள்ளிபாளையத்தில் காவிரியில் இறங்கித் தண்ணீர் குடித்ததில் ஆற்றில் முழங்கால் அளவுதான் மிச்சம். (நாக்பூருக்குப் போகிற வழியில் பள்ளிபாளையம் எப்படி வந்தது என்று நீ கேட்டாய்; தாகம் எடுத்தால் வழி பார்க்குமா என்றேன்.) சோதனைச்சாவடியில் அதை வண்டி என்பதா கோழி என்பதா என்று தெரியாமல் தில்லிக்குப் போன் போட்டார்கள், பதில் வருவதற்குள் அது தடுப்புக் கட்டையைத் தாண்டிவிட்டது. ஹைதராபாத் தாண்டி அது இட்ட ஒரு முட்டையை நகர்த்த கிரேன் வந்தது. உன் அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள்: “ஏனுங்க, அதப் புடிச்சு ஒரு நாளைக்குக் கொழம்பு வெச்சா, ஆறு பேருக்குக் கால் துண்டு போடலாமுங்களே? ஊட்ல சண்டையே வராது!” நீ அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

நான் பட்டறையிலும் இதைச் சொல்லிக்கொண்டே இருந்ததால் ஓட்டுநர்களும் சேர்ந்துகொண்டார்கள் என்று நினைத்தேன். நல்லசாமி என்றொரு டிரைவர், ஞாபகம் இருக்கிறதா, உனக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டுவருவாரே? ஒருமுறை வடக்கே போய்த் திரும்பியவர் சொன்னார்: “மொதலாளி, நாக்பூர்கிட்ட டயர் மாத்தறப்ப உங்க ஆறு கால் கோழியப் பாத்தனுங்க. அட, நெசமாலுமுங்க!” என்னைவிடப் பெரிய பொய்யனைப் பார்த்த மரியாதையில் அவருக்கு இரண்டு டீ வாங்கிக் கொடுத்து, அந்தச் செய்தியைச் சூட்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். நாடு முழுக்கப் பொய்யர்களாகிவிட்டார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். அடுத்ததை எழுதச் சிரிப்பு வரவில்லை. கோழி திரும்பி வந்தால் பசிக்கும் என்று நீ தினமும் காலையில் ஒரு கைப்பிடிக் கம்பை சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், அந்தச் சுவரடியில், தாமரைக்குக் கீழே கொட்டினாய். ஊர்க்கோழிகள் பொறுக்கித் தின்றுவிடும். மறுநாள் தரை காலியாக இருக்கும். “மத்தியானம் வந்து தின்னுட்டுப் போயிருச்சு, நீ கிளாஸ்ல இருந்தே” என்று நான் சொல்வேன். அந்தக் கம்பை நீ எத்தனை நாள் கொட்டினாய் என்பது எனக்குத் தெரியாது. ஒருநாள் கொட்டவில்லை, அதையும் நான் கவனிக்கவில்லை. உன் அம்மாதான் சொன்னாள், டப்பாவில் கம்பு அப்படியே இருக்கிறது என்று. நீ ஏன் நிறுத்தினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயம்.

அதற்குப் பிறகு நீ வரைந்த கோழிக்கெல்லாம் இரண்டே கால். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வரைந்தாய். நான்காம் வகுப்பில் சுவரில் இருந்த கிளியை அப்படியே பார்த்து வரைந்து பரிசு வாங்கினாய். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுப் பட்டறையில் மாட்டினேன். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன். நீ மட்டும் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. பிறகு படிப்பு, பாங்கு வேலை, ஒன்பது வருடம். இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தரப் போவதாக நீ சொன்னபோது, நான் போட்ட கூச்சலை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. சம்பளம், எதிர்காலம் என்று எதையெதையோ பேசினேன். உண்மையில் நான் பயந்தது வேறு. நான் வெள்ளையடித்து மறைத்தது அடியிலிருந்து மேலே வருகிறது என்று பயந்தேன்.

உனக்கு அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. ஆனால் குற்றம் செய்தவனுக்குத் தெரிகிற சில விஷயங்கள் நல்லவர்களுக்குத் தெரியாது. அதனால் சொல்கிறேன். பிள்ளைகளின் படத்தை நோக்கி “லேசா ஒரு டச்சப்” என்று சொல்லிக்கொண்டு பிரஷ்ஷோடு வருகிறவர்களைக் கண்டால் கதவைச் சாத்து. அவர்கள் பெரும்பாலும் அன்பானவர்களாகத்தான் இருப்பார்கள், பிள்ளையின் சொந்த அப்பனாகக்கூட இருப்பார்கள். எதற்கு ஆறு கால் என்று கேட்கிறவனை நம்பிவிடாதே. பதிலைக் கேட்ட பிறகு அவன் என்ன செய்கிறான் என்று பார். நாலு பேர் சிரிக்கும்போது பிள்ளையின் நியாயத்தை அந்த நாலு பேருக்கும் எடுத்துச் சொல்கிறானா, அல்லது ஐந்தாவதாகச் சேர்ந்துகொள்கிறானா என்று பார். அப்புறம், பிள்ளை அழாமல் இருந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒருநாளும் நினைக்காதே. நான் அப்படித்தான் நினைத்தேன். இதையெல்லாம் உனக்குச் சொல்லத் தேவையில்லை என்று ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்த்தபோதே தெரிந்தது. நீ பிள்ளைகளின் டப்பாவைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். அந்தக் கையை யார் கட்டவைத்தார்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. உண்மையை நீ எப்போது தெரிந்துகொண்டாய், அம்மிணி? தெரிந்துகொண்டுதான் ஆடு உரசாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாயா? ஆடு உரசினால் ஒரு முழம் அழியும். இந்த ஊரில் அந்தச் சுவர் முழுவதையும் ஒரே காலையில் அழிக்கக்கூடிய மிருகம் ஒன்றுதான் இருக்கிறது. நீ அதையே காவலுக்கு வைத்துவிட்டுப் போனாய்.

இன்று காலை ஒன்பது மணிக்குச் செங்கோடனைக் கூப்பிட்டேன். இப்போது அவனுக்கும் நரைத்துவிட்டது. “பள்ளிக்கூடத்துச் சொவத்துக்கு வெள்ளையடிச்சு ரெண்டு கிளி போட்டுட்டு வந்துரு” என்றேன். அவன் வாளிகளை ஏற்றினான், ஏணியைக் கட்டினான். பிறகு வண்டியில் ஏறாமல் பட்டறையின் பின்பக்கம் போனான். பழைய பாடியைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்காகப் போன மாதம் ஒரு கிழட்டு லாரி வந்திருக்கிறது. நாம் பாடி கட்டி அனுப்பிய வண்டிதான். அதிலிருந்து கழற்றிப் போட்ட இரும்புக் குவியலை அவன் கிளறும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு தகரம்: டிரைவர்கள் ஜாக்கியும் ஸ்பேனரும் போட்டு வைப்பார்களே, அந்த டூல் பாக்ஸின் மூடி. டீசல் துணியால் உட்பக்கத்தை அழுத்தித் துடைத்து, என் மேசைமேல், டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான்.

உள்ளங்கை அளவு. மஞ்சள். கீழே சிவப்பாக முன்னால் இரண்டு, பின்னால் டபுள். வால் பக்கம் ‘ஒலி எழுப்பவும்’.

“இதையும் அடிச்சுப்போடட்டுங்களா மொதலாளி?” என்றான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை என்று எழுதியிருக்கிறேன், கவனி. இந்தக் கடிதத்தில் நம்ப முடியாததிலேயே இதுதான் பெரியது. “என்னடா இது?” என்று ஒருவழியாகக் கேட்டேன்.

“அன்னைக்குப் பாப்பா கோழிய அழிச்சது இந்தக் கையிங்க. ஊட்டுக்குப் போயி உக்காந்தா சோறு எறங்கலீங்க. நாம அழிச்சத நாமதான எங்கயாவது எடுத்து வெக்கோணும்? அப்பறம் நான் பெயின்ட் அடிச்சு உடற ஒவ்வொரு வண்டிக்கும் மூடிக்கு உள்ள ஒண்ணு போட்டுட்டனுங்க. வெளிய போட்டா நீங்க வைவீங்கன்னு உள்ள போட்டேன். பஞ்சரானாத்தான் தொறப்பாங்க. டிரைவருங்களுக்கெல்லாம் தெரியுமுங்க.”

“ஏன்டா எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல?”

“நல்லசாமி சொன்னாருங்களே! நீங்கதான் டீ வாங்கிக் குடுத்தீங்க.”

அவன் வேலைக்குப் போய்விட்டான். நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றினேன். அதன் பிறகுதான் இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்தேன். இதோ, ஐந்தாவது முறையாகப் போன் அடிக்கிறது. இரு, எடுத்துவிட்டு வருகிறேன்.

எடுத்தேன். “வண்டி கெளம்பிருச்சுங்களா?” என்றார் தலைமையாசிரியர்.

“வண்டி வராதுங்க சார். சொவரு அப்படியே இருக்கட்டுமுங்க.”

“அய்யோ, ஆபீசர் கேட்டா நான் என்னங்க சொல்றது?”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. வெள்ளிக்கெழம காலைலயே நான் வந்து சொவத்துகிட்ட உக்காந்துக்கறேன். போர் வண்டி ஏன் மேல பாத்து நிக்குதுன்னு தாரணி சொல்லட்டும். அவரு சிரிச்சா நான் சிரிக்க மாட்டேனுங்க. அவ்வளவுதான் நான் செய்யப் போறது.”

“ஆட்டுக்கு ஹெல்மெட்டு எதுக்குன்னாவது கேட்டு வெச்சுக்கறனுங்க, என்னைக் கேட்டா சொல்லோணுமில்ல?” என்றார். அவர் சம்மதித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. வாளிகளை இறக்கச் சொல்லவில்லை. அந்த வெள்ளையை ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது பள்ளிக்கு அனுப்புகிறேன். தாரணியின் மேகத்துக்கு வேண்டும்.

இந்தக் கடிதத்தைச் செங்கோடன் கையில் கொடுத்தனுப்புகிறேன். துணியில் சுற்றிய தகரம் ஒன்றும் தருவான். பிரிப்பதற்கு முன், ஆரம்பத்தில் நான் சுத்தியல்மேல் செய்த சத்தியத்தை நினைத்துக்கொள். நானூறு ஆடுகள் பொய். மின்கம்பங்கள் வளைந்தது பொய். காவிரி வற்றியது, தில்லிக்குப் போன் போட்டது, முட்டைக்குக் கிரேன் வந்தது எல்லாம் பொய். மத்தியானம் வந்து கம்பைத் தின்றுவிட்டுப் போனது என்றேனே, அது பொய்களிலேயே மிக மோசமான பொய். அதற்கு மட்டும் தனியாக, உன் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கேட்கிறேன். உன் கோழி தானாகச் சுவரைவிட்டுப் போகவில்லை சாமி. நான்தான் அழித்தேன்.

ஆனால் நாக்பூர் போனது நிஜம். நான் பொய் என்று நினைத்துச் சொன்ன அந்த ஒன்று மட்டும் நிஜமாக இருந்திருக்கிறது. அது லோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது, ஒருமுறையும் குடை சாயாமல் திரும்பி வந்திருக்கிறது. நம்பிக்கை இல்லையென்றால் துணியைப் பிரித்துக் கால்களை எண்ணிப் பார்.

இரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாமல் இருந்த
உன் அப்பன்